ரீமேப் பண்ண போலோவுக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

வண்டி வாங்கி ஒரு வாரம் கழிச்சு தான் க்ளவ் பாக்ஸ்ல அந்த டைனோ ஷீட்டை, அதாவது இன்ஜின் பவரை மெஷின்ல அளந்து எடுத்த ரிப்போர்ட்டை பாத்தேன். நாலா மடிச்சு, ஓரத்துல ஆயில் கறை பட்டு, மடிப்புல கிழியிற மாதிரி இருந்துச்சு. பிரிச்சு பாத்தா ரெண்டு கோடு, கீழ இருக்கிறது 106, மேல இருக்கிறது 138. கீழ இருக்கிறது கம்பெனில இருந்து வந்தப்போ எடுத்தது, மேல இருக்கிறது ரீமேப் பண்ணதுக்கு அப்புறம், அதாவது பவரை ஏத்த இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேரை மாத்துனதுக்கு அப்புறம் எடுத்தது. வித்தவரு ஒண்ணும் மறைக்கல, "ஸ்டேஜ் 1 போட்டிருக்கேனுங்க, டவுன்பைப்பும் மாத்திருக்கேனுங்க"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு, நானும் ஓட்டி பாத்து மயங்கி தான் வாங்குனேன். ஸ்டேஜ் 1ங்கறது முதல் கட்ட ரீமேப், டவுன்பைப்ங்கறது டர்போல இருந்து புகைய வெளிய கொண்டு போற பைப். 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1197 சிசி, ஸ்டாக்ல, அதாவது கம்பெனில இருந்து வந்த நிலைல, 105 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (இழுவை விசை), ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கோயமுத்தூர் எல் அண்ட் டி பைபாஸ்ல ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண கால அமுத்துனா வண்டி முன்னாடி பாயிற அந்த ஃபீல் இருக்கே, அதுக்கு நான் என்னைக்குமே வருத்தப்படல.

ஆனா 2023ல வண்டியோட பாலிசி முடிய அஞ்சு வாரம் இருக்கும்போது ரினீவல் பத்தி யோசிக்க ஆரம்பிச்சேன் பாருங்க, அப்ப தான் வயித்துல புளிய கரைச்சுது.

ஏன்னா எங்க வீட்ல ஏற்கனவே ஒரு அடி வாங்கிருக்கோம். என் மச்சினன் பொள்ளாச்சில இருக்கான், ஸ்விஃப்ட் டீசல் வச்சிருந்தான், அதுக்கு பவரை ஏத்த ஒரு ட்யூனிங் பாக்ஸும், இன்ஜினுக்கு காத்து போற வழில செவப்பு காட்டன் ஃபில்டர் வச்ச ஓப்பன் இன்டேக்கும் போட்டிருந்தான். கிணத்துக்கடவு பக்கம் ராத்திரி ரோட்டுக்கு குறுக்க வந்த மாட்டை தவிர்க்க போயி புளிய மரத்துல வச்சுட்டான், ஆளுக்கு ஒண்ணும் ஆகல, முன்பக்கம் பூரா போச்சு. ஒர்க்‌ஷாப்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்காக சேதத்தை பாக்கிற சர்வேயர் வந்தப்போ நானும் கூட நின்னுட்டு இருந்தேன். மனுஷன் நசுங்குன பானெட்டை கம்பி விட்டு நெம்பி தூக்கி டார்ச் அடிச்சாரு, ரேடியேட்டரை பாத்தாரு, கண்டென்சரை பாத்தாரு, அப்புறம் டார்ச் வெளிச்சம் அந்த செவப்பு ஃபில்டர் மேல போயி அங்கயே நின்னுடுச்சு. "இது கம்பெனி ஃபிட்டிங்குங்களா தம்பி?"ன்னு ஒரே கேள்வி. என் மச்சினன் என் மூஞ்சிய பாத்தான். சர்வேயர் வேற ஒண்ணும் பேசல, நாலு பக்கத்துல இருந்தும் ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு.

மூணு வாரத்துல லெட்டர் வந்துச்சு, வண்டில தெரிவிக்காத மாற்றம் இருக்கு, க்ளெய்ம் கொடுக்க முடியாதுன்னு. மாடு குறுக்க வந்ததுக்கும் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம்னு நாங்க எழுதி அனுப்புனோம். அப்ப ஒரு வக்கீல் சொல்லி தான் தெரிஞ்சுது, 2010ல சுப்ரீம் கோர்ட் அமலேந்து சாஹூங்கறவரு வழக்குல, பாலிசி கண்டிஷனை மீறியிருந்தா கூட முழுசா கைய விரிக்காம நான்-ஸ்டாண்டர்ட் முறைல 75 சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம்னு சொல்லிருக்கு. அதை குறிப்பிட்டு கம்பெனியோட குறை தீர்க்கிற பிரிவுக்கு எழுதி, பதில் சரியா வரலைன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன்கிட்ட போவோம்னும் எழுதுனோம், கடைசில அந்த 75 சதவீதத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனா அதுக்கு ஏழு மாசம் ஆச்சு, அது வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்ல தூசி படிஞ்சு கெடந்துச்சு, அவன் கல்யாணத்துக்கு சேத்து வச்ச காசுல ரிப்பேர் பண்ணான்.

அதனால என் போலோவுக்கு நான் முதல்லயே முடிவு பண்ணிட்டேன், இருக்கிறத எழுத்துல சொல்லி, அதுக்கு ஒத்துக்கிட்டு பாலிசி கொடுக்கிற ஆள்கிட்ட தான் எடுக்கணும், அதுல எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவு கம்மி. இப்படி சொன்னா ஈஸியா தான் இருக்கு.

முதல்ல ஆன்லைன்ல பாத்தேன். வண்டி நம்பரை போட்டா ரெண்டு நிமிஷத்துல விலை வந்துடுது, சுமார் 8,900 ரூபா. ஆனா நான் பாத்த எந்த பக்கத்துலயும் இன்ஜின்ல எதாவது மாத்திருக்கீங்களான்னு ஒரு கேள்வி கூட இல்ல, சிஎன்ஜி கிட் இருக்கா, எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ் இருக்கான்னு மட்டும் கேக்குது. கேக்கலையே அப்புறம் நாம ஏன் சொல்லணும்னு தோணும், எனக்கும் தோணுச்சு. எங்க குடும்பத்துக்கு இருபது வருஷமா பாலிசி போடுற ஏஜென்ட் அண்ணனை கூப்பிட்டேன், அவரும் நல்ல மனுஷன் தான், "தம்பி, வாய தொறக்காதீங்க, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர் யாரு கண்ணுக்கு தெரிய போகுது"ன்னாரு. அவரு என் நல்லதுக்கு தான் சொன்னாரு, எனக்கு காசு மிச்சமாகட்டும்னு. ஆனா அவரு சொன்னதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதை தான் எல்லாருக்கும் சொல்லணும்னு இந்த பதிவை எழுதறேன்.

ஸ்டேஜ் 1 ரீமேப் கண்ணுக்கு தெரியாதுங்கறது பாதி தான் உண்மை. பெரிய ஆக்சிடென்ட்னா இசியுவ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரை, ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டு படிக்கறாங்க, ஒரிஜினல் சாஃப்ட்வேர் இல்லைன்னா அது தெரிய வாய்ப்பிருக்கு. சரி, என் வண்டி அடிபட்டு க்ளெய்ம் போச்சுன்னா நாலு லட்சத்துக்குள்ள நஷ்டம், அழுதுட்டு விட்டுடலாம். ஆனா என் வண்டி இன்னொருத்தர் மேல மோதி அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? மோட்டார் வாகன சட்டத்துல 150ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 2019 திருத்தத்துக்கு முன்னாடி அது 149. தேர்ட் பார்ட்டிக்கு கொடுக்க வேண்டிய காசுல இருந்து கம்பெனி என்னென்ன காரணம் சொல்லி தப்பிக்கலாம்னு அதுல போட்டிருக்கு, அந்த காரணங்கள்ல ஒண்ணு, முக்கியமான விஷயத்தை மறைச்சு வாங்குன பாலிசிங்கறது. கோர்ட் பல வழக்குல என்ன பண்ணும்னா, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீ முதல்ல கொடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கம்பெனிக்கு சொல்லும். சம்பாதிக்கிற வயசுல ஒருத்தர் இறந்து போனா ட்ரிப்யூனல் கொடுக்கிற தொகை பல லட்சம், சில சமயம் கோடியையும் தொடுது. அது நம்ம தலைல வந்து விழுந்தா வீட்டை விக்கணும். வருஷத்துக்கு ரெண்டாயிரம் மிச்சம் பண்றதுக்காக வீட்டை பணயம் வைக்க என்னால முடியாது, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க.

அடுத்து சட்டம். இதையும் நேரா பேசிடறேன், ஏன்னா ட்யூனிங் க்ரூப்ல யாரும் இதை பேச மாட்டேங்கறாங்க. 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சில இருக்கிறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டிய மாத்த கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல அதை இறுக்கமா சொல்லிடுச்சு. அதே வருஷ திருத்தத்துல 182ஏ பிரிவு வந்துச்சு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். டவுன்பைப் மாத்தி, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரை தூக்குறதுக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது, புகை அப்படியே வெளிய போகுது, பின்னாடி டூவீலர்ல வர்ற குழந்தை தான் அதை சுவாசிக்குது. அதை எந்த கம்பெனியும் ஏத்துக்காது, ஏத்துக்கவும் கூடாதுன்னு தான் நான் நினைக்கறேன். வித்தவருக்கு ஃபோன் பண்ணேன், நல்லவேளை ஒரிஜினல் பைப்பை கோணிப்பைல சுத்தி தோட்டத்து சாளைல வச்சிருந்தாரு. பீளமேட்டுல எனக்கு தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல ஒரு நாள்ல மாத்தி கொடுத்துட்டாங்க, ட்யூனரும் ரீமேப்பை ஸ்டாக் பைப்புக்கு ஏத்த மாதிரி கொறைச்சு கொடுத்தாரு, புதுசா டைனோ போட்டப்போ 131 வந்துச்சு. சத்தம் கொறைஞ்சது கொஞ்சம் வருத்தம் தான், ஆனா என் பெரிய பொண்ணு முதல் தடவையா பின்சீட்ல தூங்குனா.

அப்புறம் ரீமேப் மட்டும் மிச்சம். சிசி மாறல, இன்ஜின் நம்பர் மாறல, பவர் மட்டும் மாறிருக்கு. அதை வச்சுக்கிட்டு நான் ஒரு லெட்டர் டைப் பண்ணேன், ஒரே பக்கம். வண்டி விவரம், என்ன மாத்திருக்கு, யாரு மாத்துனா, எந்த தேதில, ஸ்டாக்ல எவ்வளவு, இப்ப எவ்வளவு, கூடவே புது டைனோ ஷீட்டோட நகல், ட்யூனரோட பில், டவுன்பைப்பை ஸ்டாக்குக்கு மாத்துன பில், புது பொல்யூஷன் சர்டிஃபிகேட். இதை ஏழு கம்பெனிக்கு ஈமெயில்ல அனுப்புனேன், ரெண்டு ஆபீசுக்கு நேர்லயே போனேன்.

மூணு பேர் பதிலே போடல. ரெண்டு பேர் முடியாதுன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. ஒருத்தர் ஆர்டிஓகிட்ட ஆர்சில எழுதி வாங்கிட்டு வாங்கன்னாரு, ஆர்டிஓ ஆபீஸ்ல போயி கேட்டா சிஎன்ஜி கிட்டுக்கும் கலர் மாத்துறதுக்கும் வழி இருக்கு, சாஃப்ட்வேர்க்கு எந்த ஃபார்ம்ல எழுதறதுன்னு அந்த க்ளர்க் பாவம் நிஜமாவே யோசிச்சாரு, கடைசில இல்லீங்கன்னுட்டாரு. ஏழாவது ஒரு கிளை, காந்திபுரத்துல மாடில இருக்கிற சின்ன ஆபீஸ். அந்த மேனேஜர் அம்மா என் லெட்டரை ரெண்டு தடவை படிச்சாங்க, டைனோ ஷீட்டை திருப்பி திருப்பி பாத்தாங்க. "இந்த மாதிரி யாருமே வந்து சொன்னதில்லீங்க சார், க்ளெய்ம் அன்னைக்கு தான் தெரிய வரும்"னாங்க. எனக்கு அந்த நிமிஷம் அழுகையே வந்துடும் போல இருந்துச்சு, ஒரு மாசமா அலைஞ்சதுக்கு ஒரு ஆளாவது முழுசா படிச்சாங்களேன்னு.

அவங்க மேல கேட்டுட்டு சொல்றேன்னாங்க, பத்து நாள் ஆச்சு. ஒரு சர்வேயர் வந்து வண்டிய பாத்தாரு, கீழ படுத்து எக்ஸாஸ்ட்டை பாத்தாரு, ப்ரேக்கும் டயரும் நல்லா இருக்கான்னு பாத்தாரு. அப்புறம் எழுத்துல பதில் வந்துச்சு, மாற்றத்தை தெரிஞ்சுக்கிட்டு பாலிசி கொடுக்கறோம், ஓடி, அதாவது நம்ம வண்டியோட சேதத்துக்கு கட்டுற பகுதில டிஸ்கவுன்ட் மத்தவங்களுக்கு கொடுக்கிற 50 சதவீதம் கிடையாது, 20 தான், இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் கிடையாதுன்னு. இது அந்த ஒரு கிளை எடுத்த முடிவு, எல்லா ஊர்லயும் இப்படி கிடைக்கும்னு நான் சொல்லல. 52ஆவது பிரிவு அப்படியே தான் இருக்கு, ரோட்ல பிடிச்சா அந்த லெட்டர் ஆர்டிஓகிட்ட செல்லாது. கம்பெனி நாளைக்கு மறைச்சுட்டேன்னு சொல்ல முடியாது, எனக்கு கிடைச்சது அவ்வளவு தான்.

இப்ப காசு கணக்கு, இதுக்காக தான் நிறைய பேர் படிக்க வந்திருப்பீங்க. ஐடிவி, அதாவது வண்டி முழுசா போனா கம்பெனி கொடுக்கிற தொகை, 3,80,000 போட்டோம். இன்சூரன்ஸ் கணக்குல கோயமுத்தூர் பி ஸோன், 1000ல இருந்து 1500 சிசி, அஞ்சுல இருந்து பத்து வயசு வண்டி, பழைய டாரிஃப் (எல்லா கம்பெனிக்கும் பொதுவா இருந்த விலை பட்டியல்) படி ஐடிவில 3.351 சதவீதம், அது 12,734 ரூபா. 2007ல இருந்தே ஓடி விலைய கம்பெனியே முடிவு பண்ணிக்கலாம், ஆனாலும் இந்த பழைய டாரிஃப்ல இருந்து தான் எவ்வளவு டிஸ்கவுன்ட்னு பேசறாங்க. 20 சதவீதம் போக 10,187. இங்க தான் ரெண்டு விஷயம் என்னை காப்பாத்துச்சு.

ஒண்ணு என்சிபி, அதாவது க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு கிடைக்கிற தள்ளுபடி. என்சிபி வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. நான் பழைய ஐ10ஐ விக்கும்போது கம்பெனிகிட்ட என்சிபி லெட்டர் கேட்டு வாங்கி வச்சிருந்தேன், 35 சதவீதம், மூணு வருஷத்துக்குள்ள வேற காருக்கு போட்டுக்கலாம். நிறைய பேர் வண்டிய வித்துட்டு இதை அப்படியே விட்டுடறாங்க, தயவு செஞ்சு விடாதீங்க, வாங்குனவருக்கு அது போகாது, உங்களுக்கும் இல்லாம போயிடும்.

இன்னொண்ணு வாலன்டரி டிடக்டிபிள். க்ளெய்ம்ல முதல் 5,000 ரூபாய நானே பாத்துக்கறேன்னு எழுதி கொடுத்தா ஓடில 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 கொறையும். 1500 சிசிக்குள்ள இருக்கிற காருக்கு கட்டாயமா நம்ம கையில இருந்து போற 1,000 ரூபா தனி. கீறல், பம்பர் உரசல் இதுக்கெல்லாம் நான் எப்படியும் க்ளெய்ம் பண்ண மாட்டேன், பண்ணா என்சிபி போயிடும், அதனால எனக்கு இதுல நஷ்டமே இல்ல. ரெண்டும் போக ஓடி 5,647 ஆச்சு. தேர்ட் பார்ட்டி 3,416, அது 2022 ஜூன்ல அரசாங்கம் வச்ச விலை, எங்க போனாலும் ரீமேப் பண்ணாலும் பண்ணலைன்னாலும் ஒரு ரூபா மாறாது. மொத்தம் 9,063, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 10,694. 15 லட்சம் பிஏ கவர் (ஓனருக்கான விபத்து காப்பீடு) எனக்கு ஏற்கனவே தனி பாலிசியா இருக்கு, அதோட நகலை கொடுத்தேன், ரெண்டாவது தடவை காசு வாங்கல. இதையும் கேக்காம விட்டா தானா சேத்துடறாங்க.

ஆக ஆன்லைன்ல வாய தொறக்காம எடுத்திருந்தா 8,915, எல்லாத்தையும் சொல்லி எடுத்தது 10,694. வித்தியாசம் 1,779 ரூபா, மாசத்துக்கு நூத்தம்பது கூட வரல, நான் டவுன் ஹால் பக்கம் போனா காபிக்கும் பன்னுக்கும் செலவு பண்றது அதை விட ஜாஸ்தி.

இன்ஜின் ப்ரொடெக்ட் கிடைக்கலையேன்னு முதல்ல கவலைப்பட்டேன், அப்புறம் வார்த்தைய படிச்சு பாத்தா அது தண்ணி உள்ள போயி இன்ஜின் சீஸ் ஆகுறது, ஆயில் கசிஞ்சு சேதமாகுறது இதுக்கு தான். ரீமேப்னால டர்போ போச்சு, பிஸ்டன் போச்சு, டிஎஸ்ஜி க்ளட்ச் எரிஞ்சுதுன்னா எந்த பாலிசியும் கொடுக்காது, மெக்கானிக்கல் ப்ரேக்டவுன் சாதாரண ஸ்டாக் வண்டிக்கே கவர் கிடையாது. இதை நிறைய பேர் குழப்பிக்கறாங்க. நம்ம வண்டில இருக்கிற டிகியூ200 கியர்பாக்ஸ் 250 என்எம் வரைக்கும் தாங்குற மாதிரி செஞ்சது, அதனால ட்யூனர்கிட்ட டார்க்கை 230க்கு மேல ஏத்தாதீங்கன்னு சொல்லி வாங்குனேன், அது தான் எனக்கு இன்ஜின் ப்ரொடெக்ட். மழை பெஞ்சா லங்கா கார்னர் பாலத்துக்கு அடில போறதில்ல, சுத்திக்கிட்டு போயிடுவேன்.

ட்ராக் விஷயமும் சொல்லிடறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ட்ராக் டேக்கு, அதாவது நம்ம வண்டிய ரேஸ் ட்ராக்ல ஓட்டுற நாளுக்கு கூப்புடறாங்க, எனக்கும் ஆசை தான், ரேஸர் கரிவரதன் பேர்ல நம்ம ஊர்ல ஒரு ட்ராக் இருக்கிறதே பெருமை. ஆனா எந்த தனியார் கார் பாலிசிய எடுத்து பாத்தாலும் ரேசிங், பேஸ் மேக்கிங், ஸ்பீட் டெஸ்டிங், ரிலயபிலிட்டி ட்ரயல் இதுக்கெல்லாம் கவர் இல்லைன்னு போட்டிருக்கும். நான் ஒரு தடவை போனேன், ஓட்டுறதுக்கு முன்னாடி பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், இன்னைக்கு வண்டி போனா போனது தான், ரெண்டு வருஷத்துக்கு பஸ் தான்னு. அவ சரின்னா. அந்த மனநிலைல தான் ஓட்டணும், வெளிய வந்து ரோட்ல இடிச்சுதுன்னு பொய் சொல்லி க்ளெய்ம் போடுற வேலைய செய்யாதீங்க, மத்த கம்பெனிங்களும் அதனால தான் நம்மள மாதிரி ஆளுங்களை பாத்தா கதவ சாத்தறாங்க.

2024லயும் 2025லயும் அதே கிளைல ரினீவ் பண்ணேன், ஒவ்வொரு தடவையும் அந்த லெட்டரை புது தேதி போட்டு, மாற்றம் எதுவும் சேக்கலைன்னு ஒரு வரி எழுதி கொடுத்து, ஒரு நகல்ல சீல் வாங்கிக்கிட்டேன். அந்த சீல் போட்ட நகலை தான் இப்ப டைனோ ஷீட்டோட சேத்து பாலிசி கவர்ல வச்சிருக்கேன். இந்த வருஷம் வண்டிக்கு பத்து வயசு தாண்டுது, டாரிஃப் 3.430க்கு போகும், ஐடிவி கொறையுறதுனால மொத்தத்துல பெருசா ஏறாதுன்னு நினைக்கறேன். ஆனா அந்த மேனேஜர் அம்மா மாத்தலாகி திருப்பூர் போயிட்டாங்க. புதுசா வந்தவரு ஃபைலை பாத்துட்டு கூப்புடறேன்னு சொல்லிருக்காரு, பாலிசி முடிய இன்னும் இருபத்தி நாலு நாள் இருக்கு. சென்னையிலயோ மதுரையிலயோ யாராவது இந்த மாதிரி எழுத்துல ஒத்துக்கிட்டு பாலிசி வாங்கிருந்தீங்கன்னா எந்த மாதிரி லெட்டர் கொடுத்தீங்க, எவ்வளவு ஏத்துனாங்கன்னு கீழ எழுதுங்க, அவர்கிட்ட கொண்டு போயி காட்டறேன்.